பெரிய சக்கரம், சரியான காற்று: டயர் அழுத்தத்தைக் கணக்கிடும் முறை

மகாத்ஜி ஷிண்டேயின் நினைவிடமான ஷிண்டே சத்ரி அமைந்திருக்கும் புனேயின் வானவடிப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் இவர்களுள் பலர் சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றனர். கம்பாட்கி மலைப்பாதையைக் கடந்து, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓட வேண்டும். காருக்குள் ஐந்து பேர், பின்புறம் நிறையப் பெட்டிகள். இவ்வளவு பாரத்தையும் தாங்குவன நான்கு டயர்களுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுத்தான். ரப்பரும் எஃகுக் கம்பியும் அக்காற்றைப் பிடித்து வைக்கும் பை மட்டுமே.

கார் வாங்கிய சில ஆண்டுகளில் பலர் தொழிற்சாலையில் பொருத்திய சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் சக்கரங்களை மாட்டிக்கொள்கின்றனர். தோற்றம் மிடுக்காகிறது, வளைவுகளில் வண்டி உறுதியாக நிற்கிறது. ஆனால், புதிய டயரில் எவ்வளவு காற்று அடிப்பது என்னும் கேள்விக்கு மட்டும் கடைக்குக் கடை வேறு வேறு விடை கிடைக்கிறது. ஒருவர் பழைய அளவே போதும் என்பார். மற்றொருவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது அடிக்கச் சொல்வார். இக்கேள்விக்கு ஊகம் தேவையில்லை. எளிய கணக்கு ஒன்று உண்டு. அதனை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

டயர் தன்னைப் பற்றிச் சொல்வது

ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 185/65 ஆர்15 88எச் என்பதை எடுத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும்; இங்கே அது 120 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எச் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை என்பது அதன் பொருள்.

நமக்கு இங்கு முதன்மையானது 88 என்னும் சுமைக் குறியீடு. இஃது எடையன்று, அட்டவணையில் ஒரு வரிசை எண். 84 என்றால் 500 கிலோ, 87 என்றால் 545 கிலோ, 88 என்றால் 560 கிலோ, 91 என்றால் 615 கிலோ. ஒரு டயர் தாங்கக்கூடிய உச்சச் சுமை இதுவே.

அவ்வுச்சச் சுமையைத் தாங்க டயருக்குக் குறிப்பிட்ட அழுத்தம் வேண்டும். சாதாரண வகைக் கார் டயருக்கு அது 250 கிலோபாஸ்கல். பெட்ரோல் பங்கில் வழங்கும் கணக்கில் 36 பி.எஸ்.ஐ. கூடுதல் சுமைக்கென வலுவூட்டப்பட்டு, எக்ஸ்.எல். என்று முத்திரையிடப்பட்ட டயருக்கு அது 290 கிலோபாஸ்கல், அதாவது 42 பி.எஸ்.ஐ. அழுத்தம் குறையக் குறையத் தாங்கும் திறனும் குறையும். 88 என்று பொறித்த டயரில் 33 மட்டுமே காற்று இருந்தால், அது தாங்குவது ஏறத்தாழ 522 கிலோவே.

அடிப்படை விதி

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் சிறிய ஒட்டுத்தாள் ஒன்று தென்படும். தொழிற்சாலை டயருக்கு முன்னும் பின்னும் எவ்வளவு காற்று வேண்டும், முழுச் சுமையில் எவ்வளவு வேண்டும் என்பவை அதில் இருக்கும். அவ்வெண்கள் அந்த டயருக்காகவே, அந்த வண்டியின் எடைக்காகவே வகுக்கப்பட்டவை. ஆகவே டயர் மாறினால் அவ்வெண்களை அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

விதி இதுதான்: பழைய டயர், ஒட்டுத்தாளில் கண்ட அழுத்தத்தில் எவ்வளவு எடையைத் தாங்கியதோ, புதிய டயரும் குறைந்தது அவ்வளவு எடையைத் தாங்கும் அழுத்தத்தைத் தேட வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பழைய டயர் 185/65 ஆர்15 88. ஒட்டுத்தாளில் வழக்கமான ஓட்டத்துக்கு 33, முழுச் சுமைக்குப் பின்சக்கரத்தில் 36 என்று வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்கான எண்கள். வாசகர்கள் தம் வண்டியின் ஒட்டுத்தாளையே கொள்ள வேண்டும்.

முதலாவது, 16 அங்குலச் சக்கரத்தில் 195/55 ஆர்16 87. இதன் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர். பழையதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலால் வேகமானியில் பிழை வராது. ஆனால் சுமைக் குறியீடு ஒரு படி குறைந்துவிட்டது. 33இல் பழைய டயர் தாங்கிய 522 கிலோவைத் தாங்க இதற்கு 34 பி.எஸ்.ஐ. வேண்டும். ஒன்றே ஒன்றுதான் கூடுதல்.

முழுச் சுமைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 36இல் பழைய டயர் 560 கிலோ தாங்கியது. புதிய டயரின் உச்சமோ 545. காற்றைக் கூட்டினாலும் அதன் உச்சச் சுமை உயராது. எனவே ஊருக்குக் குடும்பத்தோடு செல்பவர் இந்த அளவில் 91 எக்ஸ்.எல். வகையை வாங்குவதே முறை. அதில் 38 பி.எஸ்.ஐ. வைத்தால் அதே 560 கிலோ கிடைக்கும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. எக்ஸ்.எல். டயர் வலுவானது, எனவே காற்றுக் குறைவாக இருந்தாலும் தாங்கும் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. அதன் மிகுதித் திறன், மிகுதி அழுத்தத்தை ஏற்கும் ஆற்றலிலிருந்தே வருகிறது. மேற்கண்ட 91 எக்ஸ்.எல். டயரும் 522 கிலோவைத் தாங்க அதே 34 பி.எஸ்.ஐ.யையே கேட்கும்.

இரண்டாவது, 17 அங்குலச் சக்கரத்தில் 205/45 ஆர்17. இதில் சாதாரண வகையின் குறியீடு 84. உச்சச் சுமை 500 கிலோ. வழக்கமான ஓட்டத்துக்குப் பழைய டயர் தந்த 522 கிலோவையே இது எட்டாது. கடைக்காரர் எவ்வளவு காற்று அடித்துக் கொடுத்தாலும் இந்த டயர் இந்த வண்டிக்குரியதன்று. 88 எக்ஸ்.எல். வகை பொருந்தும், ஆனால் 33க்குப் பதிலாக 39 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டும். முழுச் சுமையில் பின்சக்கரத்துக்கு 42. அவ்வளவு அழுத்தத்தில் பயணம் கடினமாக இருக்கும் என்பதை வாங்கும் முன்னரே அறிந்திருப்பது நல்லது.

கணக்குப் போட இயலாதவர்களுக்கு ஒரு சுருக்க வழி: சுமைக் குறியீடு ஒரு படி குறைந்தால் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூட்டுக. எக்ஸ்.எல். டயராயின் அதன் குறியீட்டிலிருந்து நான்கைக் கழித்துவிட்டு ஒப்பிடுக. விடையில் பின்னம் வந்தால் மேல்நோக்கி முழு எண்ணாக்குக. உறுதி செய்துகொள்ள, டயர் நிறுவனத்தின் சுமை–அழுத்த அட்டவணையைக் கேட்டுப் பெறலாம்.

பக்கச் சுவரில் காணும் உச்ச அழுத்த எண்ணைச் சிலர் பரிந்துரை என்று கருதி அவ்வளவும் நிரப்புகின்றனர். அது தாண்டக்கூடாத எல்லை. வைக்க வேண்டிய அளவன்று.

குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. மடங்கும் ரப்பர் சூடாகிறது. நெடுஞ்சாலையில் கோடை வெயிலில், முழுச் சுமையோடு, மணிக்கணக்கில் ஓடும்போது அச்சூடு உள்ளடுக்குகளைப் பிரித்துவிடும். டயர் வெடிப்புகளில் பல இவ்வாறே நிகழ்கின்றன. 2022 டிசம்பரில் முதற்கட்டம் திறக்கப்பட்ட மகாராட்டிரத்தின் சம்ருத்தி விரைவுச்சாலையில் நேர்ந்த விபத்துகளை அடுத்து, வாகனங்களின் டயர்களை நுழைவிடத்திலேயே சோதிக்கும் நடவடிக்கையைப் போக்குவரத்துத் துறை மேற்கொண்டதை இங்கு நினைவுகூரலாம்.

பெரிய சக்கரத்தில் மற்றோர் இடரும் உண்டு. பக்கச் சுவர் உயரம் 120 மில்லிமீட்டரிலிருந்து 107க்கோ 92க்கோ இறங்கிவிடுகிறது. குட்டையான சுவர் காற்றுக் குறைந்தாலும் பிதுங்கித் தெரிவதில்லை. 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிய டயரும் கண்ணுக்கு நலமாகவே தோன்றும். மழைக்காலத்துப் புனேயின் பள்ளங்களில் அத்தகைய டயர் இறங்கினால், ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையே ரப்பர் நசுங்கி உள்நூல்கள் அறும். பக்கத்தில் கொப்புளம் புடைக்கும். அலாய் ரிம்மும் விரிசல் காணலாம். மேலும், அகலமான டயர் அழுத்தம் குறைந்த நிலையில் தேங்கிய நீரின்மேல் விரைவில் மிதக்கத் தொடங்கும்.

அழுத்தம் மிகுந்தாலோ டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். நடுவில் தேய்மானம், பிடிப்புக் குறைவு, ஒவ்வொரு வேகத்தடையிலும் கடும் அதிர்ச்சி என விளைவுகள் தொடரும்.

அளக்கும் முறை

வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருந்த பின், வெயில் ஏறும் முன் அளப்பதே சரி. வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை மாறும். மே மாதப் பிற்பகலில் நிரப்பிய காற்று, டிசம்பர் விடியலில் குறைந்திருப்பது இயல்பே.

புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே நிரப்பிச் சென்னையில் அளந்தால், அங்கு வளிமண்டல அழுத்தம் கூடுதலாதலால், வெப்பநிலை ஒன்றாயிருப்பினும் மானியில் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டும். டயர் கசிகிறதென்று அஞ்ச வேண்டியதில்லை. அங்கே காலையில் ஒருமுறை சரிசெய்தால் போதும்.

புதிய அழுத்தம் பொருந்துகிறதா என்பதை ஓட்டியும் சோதிக்கலாம். குளிர்ந்த நிலையில் 34 இருந்த டயர், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியபின் 37, 38 என ஏறுவது இயல்பு. ஆறுக்கு மேல் ஏறினால், தொடக்க அழுத்தம் போதவில்லை அல்லது சுமை மிகுதி என்று கொள்ளலாம். சூடான டயரில் ஏறிய காற்றை மட்டும் வெளியேற்றலாகாது; ஆறியதும் அது குறைந்துபோகும்.

நைட்ரஜன் நிரப்பலாமா என்று கேட்போர் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். எதை நிரப்பினாலும் மாதம் இருமுறை அளப்பதே பயன் தரும். அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணரி உள்ள வண்டியாயின், சக்கரம் மாற்றும்போது உணரிகளையும் மாற்றிப் பொருத்தி, புதிய அளவுக்கு அமைக்கச் சொல்ல வேண்டும். மாற்றுச் சக்கரத்தின் காற்றையும் மறவாமல் பார்க்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதனை வலியுறுத்தியது. ஆகவே, அதே மாடலின் உயர்வகையில் நிறுவனமே வழங்கும் சக்கர அளவைத் தேர்ந்தெடுப்பது மிகவும் பாதுகாப்பானது. அந்த அளவுக்குரிய அழுத்தமும் நிறுவனத்தின் கையேட்டிலேயே கிடைத்துவிடும். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்பதையும் பார்த்து வாங்குக.

தொழிற்சாலையில் பொருத்தாத அலாய் சக்கரங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியே தெரிவித்து, அவற்றின் மதிப்பைப் பாலிசியில் சேர்த்தாலன்றி இழப்பீடு கோருவது கடினம். வாகனக் கடன் நிலுவையில் இருப்பின், வண்டி கடனுக்கு ஈடாக இருப்பதால், மாற்றம் செய்யும் முன் கடன் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பதும், ஐயமிருப்பின் கிளையில் கேட்டறிவதும் நலம்.

சக்கரம் மாற்றியவர்கள் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. கதவோர ஒட்டுத்தாளின் எண்களையும், பழைய, புதிய டயர்களின் சுமைக் குறியீடுகளையும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிடுக. கிடைத்த புதிய அழுத்தங்களை, வழக்கமான ஓட்டத்துக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனியே குறித்து, அவ்வொட்டுத்தாளின் அருகிலேயே ஒட்டிவைக்க. பெட்ரோல் பங்கில் "எவ்வளவு சார்?" என்று கேட்கும்போது, வண்டியை எவர் ஓட்டிச் சென்றிருந்தாலும் சரியான விடையைச் சொல்ல அது உதவும்.