மவ்லிது ஓதலாமா?

கேள்வி: மரக்காணம் நண்பர் வீட்டில் ரபீஉல் அவ்வல் மாதம் நபி புகழ்பாடும் மவ்லிது ஓதி, நார்சா (உணவு) கொடுப்பார்கள். இப்போது அவர் மகனே அதை பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது) என்று தடுக்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், எக்கியார்குப்பம்

பதில்: மகனிடம் ஆதாரம் இருக்கிறது. மார்க்கத்தில் இல்லாததைப் புதிதாகப் புகுத்தினால் அது தள்ளப்படும் என்னும் கருத்தில் ஆயிஷா நாயகி அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. நபிகளார் காலத்தில் மவ்லிது சபை இருந்ததில்லை. அதை ஆதரிப்பவர்களும் இதை மறுப்பதில்லை.

ஆனால் ரமலான் இரவுகளில் தனித்தனியாகத் தொழுதவர்களை உபை இப்னு கஅபின் பின்னால் ஒரே ஜமாஅத்தாக நிறுத்திய கலீஃபா உமர், அதை நல்ல பித்அத் என்றாரே! நபிகளாரே சில இரவுகள் நடத்திய தொழுகைதானே அது, புதிதல்லவே என்பது எதிர்த்தரப்பின் பதில். இமாம் ஷாஃபிஈயோ புதியவற்றில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்றார். மவ்லிதை அறிஞர் ஃபாகிஹானி கண்டித்து எழுத, 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி ஆதரித்துத் தனி நூலே எழுதினார்.

நபியைப் புகழ்ந்து, ஸலவாத்துச் சொல்லி, ஏழைக்குச் சோறு போடுவதைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடமையென்று கட்டாயப்படுத்தக் கூடாது, அவ்வளவே. ஆனால் ஓதும் வரிகளில் மறைந்த அவ்லியாவிடம் (இறைநேசரிடம்) நேரடியாகத் தேவை கேட்பது இருந்தால், அது வேறு விஷயம். அது தவ்ஹீதையே, அதாவது ஓரிறைக் கொள்கையையே தொடுகிறது. எந்த வரிகளை மகன் எதிர்க்கிறார் என்று தகப்பனார் முதலில் கேட்கட்டும். பிறகு இருவரும் அந்த மவ்லிது கிதாபுடன் ஹஜ்ரத்திடம் போய் உட்காரட்டும்.