பூமாபுங்கு: வேற்றுக்கிரகக் கதையும் கல்தச்சர் கைவேலையும்

பொலிவியாவில் திட்டிகாக்கா ஏரிக்குச் சற்றுத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,850 மீட்டர் உயரத்தில் திவனாக்கு என்னும் பழைய நகரம் கிடக்கிறது. அதன் வழிபாட்டு மேடைகளில் ஒன்று பூமாபுங்கு. 1968இல் எரிக் வான் டேனிக்கன் எழுதிய புத்தகம் முதல் இன்றைய யூடியூப் காணொளிகள் வரை, வேற்றுக்கிரகவாசிகள் கட்டியது என்று சொல்லி இந்த இடத்தைக் காட்டுகிறார்கள். இந்தக் கதையில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழிலை அது அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது.

வைரத்தால் மட்டுமே அறுக்கக்கூடிய டயோரைட், கிரானைட் கற்கள் என்கிறார்கள். அங்கே இருப்பவை செம்மணற்கல்லும் ஆண்டசைட் என்னும் எரிமலைக் கல்லும்தான். ஆண்டசைட் கடினமானது, ஆனாலும் அதைவிடக் கடினமான கல்லுக்கு மசியும்.

இரும்பு உளி இல்லாதவர்கள் இத்தனை கூரான உள்மூலைகளை எப்படிச் செதுக்கினார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆய்வாளர்கள் ழான் பியர் புரோட்சனும் ஸ்டெல்லா நேரும் இந்தக் கற்களை ஆண்டுக்கணக்கில் அளந்து, தாங்களே கல்லைக் கொத்திப் பார்த்து, 2013இல் ஒரு நூலாக எழுதினார்கள். பாதி வேலையில் நின்றுபோன கற்கள் அங்கே உண்டு. வேலை நடந்த வரிசையை அவை காட்டுகின்றன: முதலில் கல் சம்மட்டியால் இடித்துப் பள்ளமாக்குவது, பிறகு தட்டைக் கல்லும் மணலும் கொண்டு தேய்த்துச் சமன்செய்வது. ஆண்டசைட் குவாரிகளில் அந்தச் சம்மட்டிக் கற்கள் இன்றும் கிடைக்கின்றன. நுண்ணிய மூலைகளுக்குக் கூர்ச் சில்லுகளே போதும். ‘எச்’ வடிவக் கற்கள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு என்பதும் சரியில்லை. அளந்தவர்கள் கல்லுக்குக் கல் சிறு வேறுபாடுகளைக் கண்டிருக்கிறார்கள். ஒரே அளவுகோலை வைத்துப் பல கைகள் வேலை செய்தால் அப்படித்தான் வரும்.

இரும்பு இல்லை என்பதற்காக உலோகமே அறியாதவர்கள் என்று நினைக்கக் கூடாது. இரண்டு கற்கள் சேரும் இடத்தில், இரு முனையிலும் தலை விரிந்த குழிகளை வெட்டி உலோகக் கவ்விகளால் பிணைத்திருக்கிறார்கள். பூமாபுங்குவின் தெற்கு வடிகாலில் செம்பு, ஆர்சனிக், நிக்கல் கலந்த உலோகத்தை உருக்கி நேரே குழியிலேயே ஊற்றியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்த லேசர் கதையையும்விட இது பெரிய வியப்பு.

எடையைச் சொல்லி மலைக்க வைப்பது இன்னொரு வழக்கம். மிகப் பெரிய செம்மணற்கல் பலகை ஏறக்குறைய 7.8 மீட்டர் நீளம். எடை 131 டன் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அது வந்தது சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலிருந்து. ஏரிக்கு அப்பாலிருந்து வந்த ஆண்டசைட் கற்கள் அதைவிட மிகச் சிறியவை. பறக்கும் ஊர்தி வைத்திருப்பவனுக்குப் பக்கத்துக் குவாரி எதற்கு? பாரமானதை அருகிலும் இலேசானதைத் தொலைவிலும் தேடுவது, சுமந்து களைத்த மனிதர்கள் போடும் கணக்கு. 2002இல் ஆய்வாளர்கள் தோத்தோரா நாணலால் படகு கட்டி, 9 டன் கல்லொன்றை ஏரி வழியே கொண்டுவந்தும் காட்டினார்கள்.

இந்த இடத்துக்குச் சொல்லப்படும் 17,000 ஆண்டுப் பழமை என்பது ஆர்தர் போஸ்னான்ஸ்கியின் கணக்கு. பக்கத்திலுள்ள கலசசாயா கட்டடத்தின் மூலைகள் சூரியன் உதிக்கும் எல்லைகளைத் துல்லியமாகக் குறித்தன என்று கொண்டு, பூமியின் அச்சுச் சாய்வு மாறிவந்ததை வைத்து அவர் காலத்தைப் பின்னோக்கிக் கணித்தார். கல் நட்டவர் மிகச் சிறு கோண அளவு பிசகியிருந்தாலும் பல்லாயிரம் ஆண்டுகள் கரைந்துவிடும். பூமாபுங்கு மேட்டின் அடி மண்ணில் கிடைத்த கரிமப் பொருளோ கி.பி. 536–600 என்று காலம் சொல்கிறது.

இன்கா மக்கள் கட்டினார்கள் என்பதும் தவறு. 1549இல் அங்கே போன ஸ்பானிய வரலாற்றாளர் சியேசா தெ லியோன் இதைக் கேட்டபோது, உள்ளூர் மக்கள் சிரித்துவிட்டு, இன்காக்களுக்கு முன்பே இவை இருந்தன என்றார்களாம்.

கற்கள் சிதறிக் கிடப்பதற்கும் பிரளயமோ விண்போரோ காரணமில்லை. புதையல் தேடியவர்கள் மேடையைக் குடைந்தார்கள். திவனாக்குவின் கற்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் போயின. ரயில் பாதை போட்டபோதும் போயின. மிஞ்சியவற்றின் அளவுகளையும் பழைய பயணிகளின் குறிப்புகளையும் கொண்டு தொல்லியலாளர் அலெக்ஸி விரானிச் குழுவினர் ஒவ்வொரு துண்டையும் 4 சதவீத அளவில் முப்பரிமாண அச்சில் எடுத்தார்கள். மாதிரிகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பொருத்தியபோது, உடைந்த வாயில்களும் மேடைகளும் எங்கே நின்றிருக்கும் என்பது தெரியத் தொடங்கியது. அந்த முடிவுகள் 2018இல் வெளியாயின.