அரை மாத்திரை

எண்பதுகளில் திருச்சியில் 180 சுழற்றி டிரங்க் கால் பதிவு செய்தவர்கள் என் குரலைக் கேட்டிருப்பார்கள். 1984ல் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். காதில் ஹெட்செட், எதிரே ஒயர் செருகும் போர்டு, கையில் பென்சிலும் டிக்கெட் கட்டும். அப்போது ஊருக்குள் ஐந்து இலக்க எண்கள். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிகள், பெரிய கடைவீதி நகைக்கடைகள், ஆஸ்பத்திரிகள் என்று இருநூறு முந்நூறு எண்கள் டைரக்டரியைப் புரட்டாமலே வாயில் வரும். நாசிக்குக்கு லைட்னிங் கால் கேட்கிற மண்டிக்காரர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. "அலோ" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். சாதா காலுக்கு எட்டு மடங்கு காசு கட்டிப் பேசுகிறவரை நிற்க வைத்துப் பெயர் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் பி.எஸ்.என்.எல்.லை விட்டு ஒரே நாளில் வெளியே வந்த 78,000 பேரில் நானும் ஒருத்தி.

ஞாபகசக்திக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட என்னை, 2023 ஆவணியில் ஒரு வளைகாப்புப் பந்தியில், என் நாத்தனார் ஊரறியச் சொன்னார்: "அண்ணிக்கு மறதி நோய் வந்துடுச்சு. பாவம், அவங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க." பாயச வாளியோடு நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒரே இலையில் இரண்டு முறை ஊற்றியிருந்தேன், உண்மைதான். அதற்கு இந்தப் பட்டமா?

அந்தப் பட்டத்தோடு கிட்டத்தட்ட ஒரு வருடம் வாழ்ந்தேன். அது பொய் என்று ஆன பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2022 கடைசியில் ஆரம்பித்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் நாற்றம் வரும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடம் பக்கத்து சீட்டில் இருந்த தோழியின் பெயர் வரவில்லை. வருடா வருடம் கொடுக்கும் லைஃப் சர்ட்டிபிகேட்டை மறந்து பென்ஷன் நின்றது. பேங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு செக் புக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். உங்கள் வீட்டிலும் இதெல்லாம் நடந்திருக்கும்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. காரணம் என் மாமியார். 2003 முதல் ஆறு வருடம் அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். சாப்பிட்ட கையின் ஈரம் காயும் முன்னே, "எனக்கு இன்னும் சோறு போடலையே" என்பார். நாற்பது வருடம் வெள்ளிதோறும் நடந்து போன வெக்காளியம்மன் கோயிலிலிருந்து ஒரு நாள் வீடு திரும்பத் தெரியாமல் வேறு தெருவில் யார் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்திருந்தார். பெற்ற மகனைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். அப்போது இதே நாத்தனார், "வயசானா அப்படித்தான் அண்ணி, இதுக்கெல்லாம் டாக்டர் எதுக்கு?" என்றவர். பெற்ற தாய்க்கு நோய் இருந்தபோது வயசு என்றார். எனக்கு வயசும் உடம்பும் சேர்ந்து படுத்தியபோது நோய் என்றார். இரண்டு முறையும் ஒரு பரிசோதனையும் இல்லாமல் சொன்னார்.

மாமியாரைப் பார்த்த கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டதால்தான் அவ்வளவு பயம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தோழியின் பெயர் எனக்கு வராமல் போனது, ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவும்போது தானாக வந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் அது லைன் பிஸி. கொஞ்சம் பொறுத்தால் கிடைக்கும். மாமியாருக்கு அந்த எண்ணே டைரக்டரியில் இல்லாமல் போயிருந்தது. நான் மறந்ததை நினைத்து அழுதேன். அவர் மறந்ததே அவருக்குத் தெரியாது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100க்கு ஏழு பேருக்குக் கொஞ்சம் மேல் மறதி நோய் இருப்பதாக 2023ல் வந்த ஆய்வுக் கணக்கு சொல்கிறது. அது சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் மீதி 92 பேரையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசும் உரிமை யாருக்கும் கிடையாது.

இனி என் தப்பு. எனக்கு அதிக விலை வைத்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2021 மே மாதம் கொரோனாவில் என் கணவர் போய்விட்டார். முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் கிடந்ததால் ஒரு டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அரை மாத்திரை, பதினைந்து நாள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டரை வருடத்துக்கு மேல் மாத்திரை வாங்கினேன். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய சீட்டு அது. தெருமுனை மெடிக்கலில் அதைப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். என் தலையைப் பார்த்ததும் அட்டையை எடுத்து வைப்பார்கள். "அம்மா, இதை டாக்டர்கிட்ட மறுபடி காட்டுங்க" என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொல்லியிருக்கலாம் அல்லவா? அரை ஒன்றாயிற்று. உடம்பு அரிக்கிறது என்று ராத்திரியில் ஓர் அரிப்பு மாத்திரையும் சேர்ந்துகொண்டது. அதுவும் அதே கடைதான்.

தூக்க மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் புதிதாகக் கேட்பது மனதில் பதியாது. பழைய ரக அரிப்பு மாத்திரையும் வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, காலையில் எனக்கு ஞாபகம் போய்விட்டதே என்று அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

வளைகாப்புக்குப் பிறகு மகன் பெங்களூரிலிருந்து வந்து மூன்று டாக்டர்களிடம் கூட்டிப் போனான். மூன்று பேருமே கேட்டார்கள்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" மூன்று பேரிடமும், "சுகர், பிரஷர், வயித்து எரிச்சலுக்கு ஒண்ணு, அவ்வளவுதான்" என்றேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது? நம் ஊரில் தூக்க மாத்திரை என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் இருக்கிறது. புருஷன் போன பெண்பிள்ளை வீட்டில் அட்டை அட்டையாக அதை வைத்திருக்கிறாள் என்றால் மகன் என்ன நினைப்பான்? அந்த ஒரு வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். என்னை நோயாளியாக்கியதில் எல்லோரையும்விடப் பெரிய பங்கு அந்த மௌனத்துக்குத்தான்.

அதற்காக மூன்றாவது டாக்டரை நான் மன்னித்துவிடவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கு, ஆரம்ப நிலை" என்று மகனிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. அறுபதுக்கு மேல் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும் என்பதைச் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொன்னவர், சில நூறு ரூபாயில் முடிகிற ரத்தப் பரிசோதனையை எழுதவில்லை. ஞாபகசக்திக்கு என்று எழுதிய மாத்திரையால் எனக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

அன்றிலிருந்து நான் ஒரு பொருள் மாதிரி. செக் புக் மகன் கைக்குப் போயிற்று. உறையூர் வீட்டைப் பூட்டி என்னை பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். மருமகள் கெட்டவள் இல்லை. பயந்தவள். ஆனால் ஒரு நாள் கறிவேப்பிலை வாங்கப் படியிறங்கும்போது பேத்தியைக் கூப்பிட்டேன். ஐந்து வயதுக் குழந்தை, கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பாயி, உங்க கூடத் தனியா வெளிய வரக் கூடாதாம்" என்றது. கால் செருப்போடு அப்படியே திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் மட்டும் எனக்கு எந்த மாத்திரையாலும் மறக்கவில்லை.

2024 பிப்ரவரியில் சென்னையில் அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா என்னை ஒரு முதியோர் நல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். குழந்தைக்குத் தனி டாக்டர் இருப்பதுபோல வயதானவர்களுக்கும் தனி மருத்துவம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நம் சென்னை மருத்துவக் கல்லூரிதான் இந்தியாவில் அதற்கு வழிகாட்டி. அங்கே அந்தத் துறையை வளர்த்த டாக்டர் வி.எஸ். நடராஜனுக்கு 2012ல் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். கிண்டியில் முதியோருக்கென்றே ஒரு தேசிய மையத்தை 2024ல் திறந்திருக்கிறார்கள். நரம்பு டாக்டர், மனநல டாக்டர் என்று அலைவதற்கு முன்னால் நீங்கள் போக வேண்டிய இடம் முதியோர் மருத்துவப் பிரிவு.

அக்கா கூட்டிப்போன அந்த டாக்டரம்மா அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "மாத்திரை எல்லாம் கொண்டு வந்தீங்களா?" என்றார். கல்யாண வீட்டு மஞ்சள் பை ஒன்றில்தான் வைத்திருந்தேன். "எல்லாத்தையும் கொட்டுங்க." மேசையில் கொட்டினேன். ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்து இரண்டு குவியலாகப் பிரித்தார். பையின் அடியில் ஒரு துண்டு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். அது விழுந்தது. நாலு மாத்திரையும் ஒரு பாதியும்.

"இது எத்தனை நாளா?"

"நாள் இல்லைங்க. வருஷம்."

திட்டுவார் என்று நினைத்தேன். "அவர் எப்பம்மா போனாரு?" என்று கேட்டார். நான் அரை மணி நேரம் அழுதேன். அதற்குப் பிறகுதான் பரிசோதனையே.

மோக்கா என்று 30 மார்க்குக்கு ஒரு தேர்வு. பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டு, எண்கள் எழுதி, பெரிய முள்ளை 2க்குப் பதிலாக 10ல் கொண்டுபோய் நிறுத்தினேன். டிரங்க் கால்களுக்கு நிமிடக் கணக்குப் பார்த்துப் பிழைத்தவள், பத்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து சொற்கள் சொல்லிச் சற்றுப் பொறுத்துக் கேட்டதில் இரண்டுதான் வந்தன. மொத்தம் 21. 26 இருந்தால்தான் சரி.

ரத்தத்தில் பி12 118 இருந்தது. 200க்குக் கீழே போனாலே குறைவு. சுகருக்குப் பதினாலு வருடமாக மெட்ஃபார்மின், வயிற்று எரிச்சலுக்குத் தினம் ஒரு மாத்திரை. இரண்டுமே பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கணவர் போனதிலிருந்து கவுச்சியை விட்டுவிட்டேன், ராத்திரிக்குச் சமைக்கச் சோம்பி வெறும் மோர்சாதம். பாதம் எரிந்ததும் நாக்கு வழவழவென்று ஆனதும் அதனால்தான். சுகர் எரிச்சல் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். தைராய்டு சரியாக இருந்தது. காதில் அழுக்கு அடைத்திருந்ததை எடுத்தார்கள். காதில் விழாததை எப்படி ஞாபகம் வைப்பது?

வைத்தியம் பெரிய கதையில்லை. முதலில் அடுத்தடுத்து பி12 ஊசி, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. அரிப்பு மாத்திரையை மாற்றினார். தூக்க மாத்திரையை மட்டும் நான்கு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிற கணக்கில்தான் குறைக்க வேண்டும். முதல் மூன்று வாரம் நரகம். விடிய விடிய மொட்டைமாடியில் நடந்தேன்.

ஜூலையில் மறுபடி தேர்வு. 27. முள் 2ல் நின்றது.

சாவிக்கு ஓர் ஆணி, மாத்திரைக்கு நாள் பெயர் போட்ட டப்பா, அடுப்பில் ஏதாவது இருந்தால் இடுப்பில் ஒரு கரண்டி. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், செய்யுங்கள். வல்லாரை லேகியம் கொண்டுவந்து கொடுத்த சொந்தங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வல்லாரைத் துவையல் எனக்குப் பிடிக்கும், இன்னும் அரைக்கிறேன். ஆனால் 118ஐ 400க்கு மேல் கொண்டுவந்தது ஊசிதான்.

மகன்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா சொன்னதையே திரும்பச் சொன்னால் நாலு பேர் முன்னால் எண்ணிக் காட்டாதீர்கள். செக் புக்கை வாங்குவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். மாமியாருக்கு வந்ததுபோல நிஜமான நோயாக இருந்தாலும் சீக்கிரம் தெரிந்தால் நிறையச் செய்யலாம். அவரை 2003ல் ஒரு டாக்டரிடம் காட்டாமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்போது உறையூரில் என் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். வயசான காலத்தில் மகனோடு இருக்காமல் இது என்ன பிடிவாதம் என்று கேட்கிறார்கள். என் அடுப்பும் என் சாவியும் என் கையில் இருந்தால்தான் எனக்கு மூளை ஓடுகிறது. போன மே மாத விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நடந்தே வந்தோம். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் கொட்டுங்கள். யாருக்கும் சொல்லாமல் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறீர்களே, அந்த அரை மாத்திரையையும்.