முட்டைக்குள் ஆறரை மீட்டர் கம்பி!

மாணவர்களே, பாடாங் மேஹா போன்ற தோட்டப் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்குக் காண்டாமிருக வண்டைத் தெரிந்திருக்கும். செம்பனையின் இளங்குருத்தைத் துளைத்துத் தின்னும் அந்த வண்டையே கொல்லும் ஒரு வைரஸ் உண்டு. 1960களில் அதை நம் நாட்டில் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் அலோய்ஸ் ஹூகர்.

அந்த வைரஸின் டி.என்.ஏ.யில் 127,615 கார இணைகள் உள்ளன. ஓர் இணைக்கு 0.34 நானோமீட்டர் நீளம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 43 மைக்ரோமீட்டர் வரும். வைரஸின் நீளமோ ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர்தான்! தன்னைவிட 200 மடங்கு நீளமான இழையை அது சுமக்கிறது.

இதைவிட நெருக்கமாக அடைக்கும் வைரஸ்களும் உண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை-29 அவற்றுள் ஒன்று. அதைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால், அதன் புரத ஓடு ஒரு கோழிமுட்டை அளவுக்கு வரும். உள்ளே இருக்கும் டி.என்.ஏ., 2 மில்லிமீட்டர் தடிமனும் 6.6 மீட்டர் நீளமும் கொண்ட கம்பியாகும்.

அடைப்பது ஏன் கடினம்?

முதலாவது, டி.என்.ஏ. விறைப்பானது. நம் முட்டை அளவில் சொன்னால், சுமார் 5 சென்டிமீட்டர் துண்டு கிட்டத்தட்ட நேராகவே நிற்க விரும்பும். முட்டைக்குள் அதை வளைத்துச் சுருட்ட ஆற்றல் வேண்டும். இரண்டாவது, டி.என்.ஏ. முழுவதும் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? நெருங்க நெருங்க விலக்கமும் கூடும்.

ஆகவே டி.என்.ஏ. தானாக உள்ளே போகாது. ஓட்டின் வாயிலில் உள்ள புரத மோட்டார், ஏ.டி.பி.யை எரிபொருளாகக் கொண்டு அதை உள்ளே இழுக்கிறது.

அளந்தது எப்படி?

2001இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் புஸ்தமந்தே குழுவினர், ஒரு நுண்மணியில் வைரஸையும் இன்னொன்றில் டி.என்.ஏ.யின் முனையையும் ஒட்டினர். லேசர் ஒளியால் மணியைப் பிடித்துக்கொண்டு மோட்டாரின் இழுவிசையை அளந்தனர். அது சுமார் 57 பிக்கோநியூட்டன் வரை இழுத்தது. ஓடு நிரம்ப நிரம்ப மோட்டாரின் வேகம் குறைந்தது. முழுதாக நிரம்பியபோது உள்ளழுத்தம் ஏறத்தாழ 60 வளிமண்டல அழுத்தம் எனக் கணக்கிட்டனர். கடலில் சுமார் 600 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம் இது!

இந்த அழுத்தம் வீண் போவதில்லை. வைரஸ் பாக்டீரியாவில் ஒட்டி வாயில் திறந்ததும், அமுக்கிய சுருள்வில் விடுபடுவதுபோல் டி.என்.ஏ. வெளியே பாயத் தொடங்குகிறது. அடைக்கும்போது செலவிட்ட ஆற்றலே தொற்றுக்கு முதல் உந்துதலாகிறது.

கணக்கிடுங்கள்: லாம்டா வைரஸின் டி.என்.ஏ.யில் 48,502 இணைகள். ஓட்டின் விட்டம் சுமார் 60 நானோமீட்டர். டி.என்.ஏ. ஓட்டைவிட எத்தனை மடங்கு நீளம்?

(விடை: ஏறத்தாழ 275 மடங்கு)