உடலின் காவற்குரல்

சென்னை மயிலாப்பூரை அடுத்துள்ள மந்தைவெளி, முற்காலத்தில் மந்தைகள் மேயும் வெளியாக இருந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். மந்தையுள் ஓநாய் புகக் காணும் ஆயன், தனியே அதனோடு பொர முற்படான். உரத்துக் குரல் கொடுப்பான். அது கேட்டு ஏனையோர் தடியேந்தி ஓடிவருவர்.

உடலினுள்ளும் இத்தகைய காவல் உண்டு. குருதியில் உலவும் வெள்ளணுக்களே அக்காவலர். பகையைக் கண்ட அணு, நுண்ணிய புரதப் பொருள்களைச் சுரந்து பிற அணுக்களை அழைக்கும். அப்பொருள்களை அறிவியலார் 'சைட்டோகைன்' என்பர்.

நோய்க்கிருமி வெளியிலிருந்து வரும் பகை. புற்றுநோய்க் கட்டியோ, உடலின் சொந்த உயிரணுக்கள் நெறி தவறிப் பெருகுவதால் தோன்றுவது. ஆதலின் காவலர் அதனை அயலென அறியாமல் வாளா இருத்தலும் உண்டு. அன்றியும், கட்டி தானே சில சைட்டோகைன்களைச் சுரந்து காவலரை உறங்கச் செய்யும். உறங்குவோரை எழுப்புவது எங்ஙனம்?

இதற்கு ஒரு விடை எதிர்பாராத இடத்தினின்று கிடைத்தது. கால்மெட், கெரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 13 ஆண்டுகள் முயன்று, மாட்டுக் காசநோய்க் கிருமியின் வலிமையைக் குறைத்துப் பி.சி.ஜி. என்னும் தடுப்பு மருந்தை ஆக்கினர். 1921இல் அது முதன்முதலாகக் குழந்தை ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. மந்தைவெளிக்குத் தென்மேற்கே சில கல் தொலைவிலுள்ள கிண்டியில், அம்மருந்தை ஆக்கும் ஆய்வகம் 1948இல் நிறுவப்பெற்றது. காசநோயைத் தடுக்கப் பிறந்த அம்மருந்து, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் பயன்படுதலைக் கனடா நாட்டு மருத்துவர் மொராலசும் அவர்தம் துணைவரும் 1976இல் வெளியிட்டனர்.

சிறுநீர்ப்பையின் உட்சுவரளவில் நிற்கும் கட்டியை மருத்துவர் முதலில் அகற்றுவர். பின்னர், பெரும்பாலும் வாரம் ஒரு முறையாக 6 வாரம், பி.சி.ஜி.யைக் குழாய் வழியே சிறுநீர்ப்பையுள் செலுத்துவர். கிருமியை உணர்ந்த உயிரணுக்கள் இன்டர்லூக்கின், இன்டர்பெரான் முதலிய சைட்டோகைன்களைச் சுரக்கும். அவ்வழைப்பால் திரண்ட வெள்ளணுக்கள், கிருமியோடு அங்கு எஞ்சிய புற்றணுக்களையும் தாக்கும்.

எனினும், காவற்குரலுக்கும் அளவு வேண்டும். உடலெங்கும் சைட்டோகைன்கள் அளவிறந்து பெருகின், கடுங்காய்ச்சல் மூளும், குருதியழுத்தம் தாழும், உயிர்க்கே ஊறு நேரும். இம்மருத்துவம் எல்லார்க்கும் ஏற்றதன்று. எல்லாரையும் குணப்படுத்துவதும் இல்லை. தக்காரைத் தேர்ந்து அளிப்பதே மருத்துவர் கடமை.

வலியின்றிச் சிறுநீரில் குருதி தோன்றுதல் இந்நோயின் முதற்குறியாகலாம். நாணத்தால் அதனை மறைப்போர் நற்காலத்தை இழப்பர். பகை கண்டவிடத்துக் குரல் கொடுத்தல் உயிரணுவிற்கு இயல்பு. நோய்க்குறி கண்டவிடத்து வாய் திறந்து உரைத்தல் மாந்தர்க்குக் கடன்.