ஆங்கிலக் கடிதத்தில் அடிக்கடி நேரும் ஐந்து பிழைகள்

வெளிமாநிலத்தாரோடும் அயல்நாட்டாரோடும் வியாபாரம் செய்யும் சங்கங்கள் ஆங்கிலக் கடிதம் எழுதாமல் இருத்தல் இயலாது. அதில் நேரும் சிறு பிழை சில வேளைகளில் நகைப்போடு போய்விடும். சில வேளைகளில் நமக்கு வரவேண்டிய பணத்தையே தடுத்துவிடும். அத்தகைய பிழைகள் ஐந்தினை இங்குக் காண்போம். அவற்றுள் நான்கிற்கு மருந்து தமிழிலேயே உள்ளது.

1. பை, டில்: ஜூன் 30-க்குள் சேலைகளை அனுப்புவோம் என்று சொல்ல விரும்பி, ‘டில் ஜூன் 30’ என எழுதுகிறோம். படிப்பவரோ, அன்று வரை அனுப்பிக்கொண்டிருந்து பின்னர் நிறுத்திவிடுவோம் என்று பொருள்கொள்வார். தமிழில் ‘க்குள்’ வருமிடத்தில் ‘பை’ எனவும், ‘வரை’ வருமிடத்தில் ‘டில்’ எனவும் எழுதுக.

2. ஃபார், சின்ஸ்: ‘வீ ஆர் வீவிங் சின்ஸ் 20 இயர்ஸ்’ என்பது பிழை. ‘வீ ஹாவ் பீன் வீவிங் ஃபார் 20 இயர்ஸ்’ என்பதே சரி. ‘20 ஆண்டுகளாக’ என்று கால அளவைச் சொன்னால் ஃபார். ‘2005 முதல்’ என்று தொடக்கத்தைச் சொன்னால் சின்ஸ்.

3. லெண்ட், பாரோ: கடன் கொடுப்பது லெண்ட், கடன் வாங்குவது பாரோ. வங்கியிடம் கடன் கேட்பவர் ‘ப்ளீஸ் பாரோ அஸ்’ என்று எழுதலாகாது. ‘ப்ளீஸ் லெண்ட் அஸ்’ என்றே எழுதவேண்டும்.

4. யார்ன்: ‘பத்து நெற்கள்’ என்று நாம் சொல்வதில்லை, ‘பத்து மூட்டை நெல்’ என்கிறோம். அதுபோலவே ‘10 யார்ன்ஸ்’ என்னாது, பத்துச் சிட்டம் நூலை ‘10 ஹேங்க்ஸ் ஆஃப் யார்ன்’ என்க. வெவ்வேறு வகை நூல்களைக் குறிக்கும்போது மட்டும் ‘யார்ன்ஸ்’ பொருந்தும். ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’ ஆகிய சொற்களும் இறுதியில் ‘ஸ்’ பெறா.

5. ஃபியூ, எ ஃபியூ: இதற்குத் தமிழ் துணை செய்யாது, ‘எ’ போன்ற முன்சொல் நம் மொழியில் இல்லை. ஆகவே மிகுந்த விழிப்பு வேண்டும். ‘எ ஃபியூ’ என்றால் ‘சில உண்டு’. ‘ஃபியூ’ என்றால் ‘மிகக் குறைவே’. ஆலையிலிருந்து வந்த நூலில் சில சிட்டங்கள் நைந்திருந்தன என்று கொள்வோம். ஈடு கேட்டு எழுதும் கடிதத்தில் ‘ஃபியூ ஹேங்க்ஸ் ஆர் டேமேஜ்ட்’ என்று எழுதிவிட்டால், கெட்டவை இல்லையென்னும் அளவே என்று நாமே நற்சான்று வழங்கியவராவோம். ஓரெழுத்து விடுபட்டமையால் நம் முறையீடு வலுவிழந்துபோகும். ‘எ ஃபியூ’ என எழுதுவதினும், ‘12 ஹேங்க்ஸ்’ என எண்ணிக்கையையே குறிப்பிடுவது மேலும் நலம்.

கருத்தை முதலில் தமிழில் தெளிவாக எழுதிக்கொண்டு, பின்னரே ஆங்கிலத்தில் எழுதுக. கடிதமாயினும் மின்னஞ்சலாயினும், அனுப்புமுன் மற்றோர் அங்கத்தினரைக்கொண்டு படிப்பித்துப் பொருள் கேட்டறிக.

பயிற்சி: கீழ்க்கண்டவற்றிற்கு உரிய ஆங்கிலச் சொல்லைக் கூறுக. (அ) வெள்ளிக்கிழமைக்குள் (ஆ) மூன்று மாதங்களாக (இ) தை மாதம் முதல் (ஈ) சில பைகள் நனைந்துள்ளன.

விடை: (அ) பை (ஆ) ஃபார் (இ) சின்ஸ் (ஈ) எ ஃபியூ.