தொழிற்பாடம்: மீந்த பன்னில் பாம்பே டோஸ்ட்

மளிகையோடு பன், ரொட்டியும் வைத்து விற்கும் நம் உறுப்பினர்கள் அனைவருக்கும் இரவு கடை கட்டும் நேரத்தில் ஒரு சங்கடம் உண்டு. தட்டில் எட்டோ பத்தோ இனிப்புப் பன் மீந்து நிற்கும். காலையில் புதுச் சரக்கு இறங்கிவிட்டால் பழையதை யாரும் எடுக்க மாட்டார்கள். விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "அண்ணாச்சி, இது நேத்து வந்ததுதானே?" என்று கேட்டபடி புதியதற்குக் கை நீட்டுவார்கள். பாக்கெட் ரொட்டிக்காவது சில கம்பெனிகள் ரிட்டன் எடுத்துக்கொள்கின்றன. உள்ளூர் பேக்கரியில் ரொக்கம் கொடுத்து எடுக்கும் தட்டுப் பன்னுக்கு அதுவும் இல்லை. மீந்தது நம் நஷ்டம்தான்.

இந்த மீந்த பன்னைச் சிறு துண்டுகளாக்கி, முட்டையும் பாலும் கலந்த கலவையில் தோய்த்து, கல்லில் போட்டு எடுத்தால் மாலை டீ வேளைக்கு நல்ல விற்பனைச் சரக்கு. நாம் பாம்பே டோஸ்ட் என்கிறோம், ஆங்கிலத்தில் ஃபிரெஞ்சு டோஸ்ட். பிரெஞ்சுக்காரர்களோ இதற்கு 'தொலைந்த ரொட்டி' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். வீணாகப் போக இருந்ததை மீட்டெடுப்பது என்ற கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பழைய பன் வேறு, கெட்ட பன் வேறு. பன் மறுநாள் விறைப்பாவது ஈரம் வற்றுவதால் மட்டும் அல்ல. சுடும்போது ஈரம் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்ல மறுபடி இறுகுகிறது. சூடாக்கினால் இந்த இறுக்கம் ஓரளவு தளரும். எனவே முந்தின நாள் பன் டோஸ்ட்டுக்குக் குறைந்த சரக்கு அல்ல, பொருத்தமான சரக்கு. அன்றைய பன் பாலில் பட்டதும் கரைந்து குழைந்துவிடும். ஒரு நாள் ஆனதோ பாலைக் குடித்தும் உருக் குலையாமல் நிற்கும்.

மீந்ததைப் பிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து இன்னும் வேகமாக இறுகும். இரண்டு நாள் சேர்த்துப் போட வேண்டுமானால் காற்றுப் புகாத உறையில் கட்டி, ஐஸ்கிரீம் வைக்கும் பிரீசரில் வைப்பதே சரி.

கெட்ட பன் என்பது பூஞ்சணம் பூத்தது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும், வேர் உள்ளே ஓடியிருக்கும். கோடையில் வேறொரு கேடு வரும். அடுப்புச் சூட்டிலும் சாகாத ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் பன்னின் உள்ளே முளைத்து, நடுப்பகுதியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிட்டுப் பார்த்தால் நூல் நூலாக இழுக்கும், கனிந்து அழுகிய பழ வாசனை வரும்.

இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். ஒரு கத்தரி வெயிலில் மூன்றாம் நாள் பன்னை, மேலே சுத்தமாக இருக்கிறதே என்று போட்டுவிட்டோம். வெண்ணெயும் ஏலக்காயும் வாசனையை மறைத்துவிட்டன. பல வருடமாக எங்களிடம் பற்று வைத்து வாங்கும் ஒரு வாடிக்கைக்காரர் மறுநாள் காலை வந்தார். சத்தம் போடவில்லை. "பிள்ளைக்கு ராத்திரி முழுக்க வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னார். பற்றைத் தீர்த்துவிட்டுப் போனவர் நான்கு மாதம் கடைப் பக்கம் வரவில்லை. அன்று மிச்சப்படுத்திய சரக்கின் மதிப்பு நூறு ரூபாய்கூட இராது. அதற்குப் பிறகு, பன் தட்டு இறங்கும்போதே தேதி எழுதிய சீட்டைத் தட்டில் செருகிவிடுகிறோம். மறுநாள் தாண்டியது கல்லுக்குப் போவதில்லை, பிரீசரில் இருந்தது தவிர. கல்லுக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் பிட்டு முகர்ந்து பார்க்கிறோம். பாக்கெட்டில் அச்சிட்ட தேதி கடந்த சரக்கை வேறு பண்டமாக மாற்றி விற்பதும் சட்டப்படி குற்றம்தான். தேங்காய்ப் பன், கிரீம் பன் இரண்டும் இதற்கு வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது பன்னைவிட முந்திக் கெடும்.

இனி செய்முறை. உள்ளங்கை அளவுள்ள, சுமார் 50 கிராம் எடையுள்ள இனிப்புப் பன் 10 எடுத்து, ஒவ்வொன்றையும் ஆறு துண்டாகப் போடுங்கள். 60 துண்டு வரும். டூட்டி ஃப்ரூட்டி பதித்த பன்னானால் மேலே தெரிவதைக் கிள்ளிவிடுங்கள், கல்லில் கருகிக் கசக்கும். முட்டை 5, காய்ச்சி ஆறவைத்த பால் 300 மில்லி, ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பன்னிலேயே இனிப்பு இருக்கிறது. அந்த இனிப்புதான் சாதாரண ரொட்டியைவிட இதைச் சீக்கிரம் சிவக்கவும் வைக்கும். தீ பெரிதாக இருந்தால் வெளியே கறுத்து உள்ளே பச்சை முட்டை நிற்கும். மிதமான தீ, கனமான தோசைக்கல், வெண்ணெயோடு கொஞ்சம் எண்ணெய். தனி வெண்ணெய் தீய்ந்துபோகும். துண்டுகளைக் கலவையில் போட்டு ஊறவிடாமல், புரட்டி உடனே எடுத்துக் கல்லில் இடுங்கள். எல்லாப் பக்கமும் திருப்பி, அழுத்தினால் ஈரம் கசியாத பதத்தில் எடுக்க வேண்டும்.

கலவையை மொத்தமாகக் கரைத்து வெளியே வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் முட்டைக் கலவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. பாதி பாதியாகக் கரைத்து, பாத்திரத்தை ஐஸில் வையுங்கள். மீந்த கலவை மறுநாளைக்கு இல்லை. நாமக்கல் வண்டியில் வரும் தட்டில் விரிசல் விட்ட முட்டை நாலைந்து இருக்கும், அதை இதில் தள்ளிவிடலாமே என்று தோன்றும். தள்ளாதீர்கள். ஓடு விரிந்தால் கிருமிக்குக் கதவு திறந்தது போல.

கணக்குக்கு வருவோம். விலைகள் ஒரு உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பன் 10க்கு 60 ரூபாய், முட்டை 30, பால் 15, வெண்ணெயும் எண்ணெயும் 36, சர்க்கரை ஏலக்காய் 4, கேஸ் 10, தொன்னையும் குச்சியும் 15. ஆக 170 ரூபாய். தொன்னைக்கு ஆறு துண்டு வீதம் 10 தொன்னை. ஒன்றின் அடக்கம் 17 ரூபாய். 30க்கு விற்றால் 130 ரூபாய் நிற்கும், அதில் கல்லடியில் நிற்கும் ஆளின் கூலி போக வேண்டும்.

இங்கே நம்மவர்கள் ஒரு தவறு செய்வது வழக்கம். "எறிய வேண்டிய பன்தானே" என்று பன்னின் 60 ரூபாயைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். முதல் மாதம் லாபம் கொழிப்பது போலத் தெரியும். பிறகு கல் ஓடுவதற்காகவே பத்துப் பன் கூடுதலாக இறக்குவார்கள். மீந்ததை விற்கத் தொடங்கிய வேலை, மீதத்தை விலை கொடுத்து வாங்கும் வேலையாக மாறிவிடும். அதனால் பன்னை எப்போதும் கொள்முதல் விலைக்கே எழுதுங்கள். அடுப்பு வாங்குவதற்கு முன் இரண்டு வாரம், தினமும் எத்தனை மீந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஐந்துக்குக் குறைவாக மீந்தால் அடுப்பே வேண்டாம், கொள்முதலைக் குறைத்தால் போதும்.

மளிகை விற்பனைக்கு என்று எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவில் சமைத்து விற்பது தானாக அடங்கிவிடாது. அதையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் வம்பு, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வேண்டும். செய்தித்தாளில் வைத்துக் கொடுக்கும் பழக்கத்துக்கு 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகளில் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பூசிய தட்டும் கூடாது. தொன்னை வம்பில்லாதது, பார்வைக்கும் லட்சணம்.

முட்டை சாப்பிடாத வாடிக்கையாளருக்கு 300 மில்லி பாலில் மூன்று மேசைக்கரண்டி கஸ்டர்டு பவுடர் கரைத்துத் தோய்க்கலாம். பச்சைக் குறி உள்ள பவுடர்தானா என்று பார்த்து வாங்குங்கள். மாவு அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் கலக்கிவிட வேண்டும். இதற்குக் கல்லும் கரண்டியும் தனி. ஒரே கல்லைத் துடைத்துவிட்டுப் போடுகிறோம் என்று சொன்னால் கேட்டவர் முகம் மாறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். புரட்டாசி முழுவதும் முட்டைக் கல்லை ஏற்றாமல் இது ஒன்றை மட்டும் போடுகிறோம். மற்ற மாதங்களில் சாயங்காலம் நாலரை மணிக்குக் கல் ஏறினால் ஆறரைக்கு இறங்கிவிடும், அதற்கு மேல் கேட்பவருக்கு நாளை வரச் சொல்கிறோம்.